ஜன்னலிலிருந்து எட்டு மீட்டர்

வாடகைக்கோ சொந்தமாகவோ வீடு பார்க்கப் போகும் எவரும் தவறாமல் கேட்கும் கேள்வி, "காத்து வெளிச்சமெல்லாம் எப்படிங்க?" என்பதுதான். தரகரும் தவறாமல் "பிரமாதம்" என்பார். ஆஸ்திரியத் தலைநகரான வியன்னாவின் சிம்மரிங் பகுதியில் நிற்கும் நான்கு செங்கல் உருளைகளைக் காட்டி அப்படிச் சொல்ல, 1984-இல் எந்தத் தரகருக்கும் துணிச்சல் வந்திருக்காது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 60 மீட்டர் விட்டம், 70 மீட்டர் உயரம். உள்ளே மாடி கிடையாது, அறை கிடையாது. நகரத்துக்கான எரிவாயுவைத் தேக்கிவைக்க 1896-க்கும் 1899-க்கும் இடையே கட்டிய கூடுகள் அவை. 1984-உடன் அவற்றின் வேலை முடிந்தது. இன்று அந்த நான்கிலும் சேர்த்து 600-க்கும் மேற்பட்ட வீடுகள், ஒரு மாணவர் விடுதி, அலுவலகங்கள், கடைகள், ஓர் இசை அரங்கு, மாநகர ஆவணக் காப்பகம் எல்லாம் இருக்கின்றன. வாசலிலேயே மெட்ரோ நிலையம். அதன் பெயரே கேசோமீட்டர்.

பழைய ஆலையை வீடாக்குகிறார்கள் என்றதும் நமக்கு எழும் முதல் சந்தேகம், 'நூறு வருஷக் கட்டடம் தாங்குமா?' என்பது. பெரும்பாலும் தாங்கும். வீட்டுத் தளம் ஒரு சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிலோவரை சுமந்தால் போதும் என்று கணக்கிடுவது வழக்கம். எந்திரத்துக்கும் சரக்குக்கும் போட்ட தளங்கள் அதைப் போல இரண்டு மூன்று மடங்கு சுமக்கக் கூடியவை. கட்டில், பீரோ, நான்கு பேர் கொண்ட குடும்பம் என்பதெல்லாம் அவற்றுக்கு ஒரு சுமையே அல்ல. ஒரு தொழிற்கூடம் வீடாகுமா என்பதை முதலில் தீர்மானிப்பது அதன் அகலம். அகலம்தான் வெளிச்சத்தைத் தீர்மானிக்கிறது.

மான்செஸ்டர் நகரின் ஆன்கோட்ஸ் பகுதியில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். கோயம்புத்தூருக்கு நாம் எந்த ஊரின் பெயரைப் பட்டமாகச் சூட்டினோமோ, அதே ஊர். அங்கே மர்ரே சகோதரர்களின் பஞ்சாலையில் மிகப் பழைய பகுதி 1798-இல் எழுந்தது. நீராவியால் ஓடிய ஆலை. அதையொட்டி மெக்கானல் அண்ட் கென்னடி நிறுவனத்தின் ஆலைகள். இரண்டு வளாகங்களிலும் இன்று மக்கள் குடியிருக்கிறார்கள். ஏழெட்டு மாடி, வரிசை தவறாத ஜன்னல்கள், நீளமாக ஒடுங்கிய வடிவம். இடப் பற்றாக்குறையால் அப்படி ஒடுக்கிக் கட்டவில்லை. அப்போது மின்விளக்கு கிடையாது. நூற்கும்போது இழை அறும். அறுந்த இழையை அந்த நொடியே பிடித்து ஒட்ட வேண்டும். மெல்லிய நூல் கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஆகவே எந்தத் தொழிலாளியும் ஜன்னலை விட்டு வெகுதூரம் போய்விடக் கூடாது.

எவ்வளவு தூரம்? கட்டடக் கலைஞர்கள் வைத்திருக்கும் ஒரு கைக்கணக்கு உண்டு. ஜன்னலின் மேல்விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அதைப் போல இரண்டிலிருந்து இரண்டரை மடங்கு தூரம்வரை பகல் வெளிச்சம் உருப்படியாகப் புகும். மேல்விளிம்பு மூன்றரை மீட்டரில் இருந்தால் வெளிச்சம் ஏழிலிருந்து ஒன்பது மீட்டருக்குள் ஓய்ந்துவிடும். நடுவாக எட்டு மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு பக்கமும் ஜன்னல் வைத்தால் 16 மீட்டர். அதற்குமேல் அகலமாகக் கட்டினால் நடுப்பகுதி பட்டப்பகலிலும் மங்கிக் கிடக்கும். 1800-ஐ ஒட்டிய பஞ்சாலைகள் இந்த எல்லைக்குள் அடங்கியவை. இன்றைய அடுக்குமாடி வீடுகளும் இதே எல்லைக்குள்தான் அடங்குகின்றன: நடுவில் ஒரு நடைபாதை, இருபுறமும் வீடுகள். மில் முதலாளி யாரும் பிற்காலக் குடித்தனக்காரரை நினைத்துக் கட்டவில்லை. நூலைப் பார்க்கத் தேவைப்பட்ட வெளிச்சமும் செய்தித்தாள் படிக்கத் தேவைப்படும் வெளிச்சமும் ஒன்றாகிப் போயின, அவ்வளவுதான்.

மான்செஸ்டரை ஒட்டிய சால்ஃபோர்டில் ஃபிலிப்ஸ் அண்ட் லீ பஞ்சாலையில் பொறியாளர் வில்லியம் மர்டாக் எரிவாயு விளக்குகளை ஏற்றிவைத்தது 1806-ஐ ஒட்டி. நிலக்கரி வாயுவில் விளக்கு எரிந்த முதல் தொழிற்சாலைகளில் அது ஒன்று. அதன் பிறகு ஆலைகள் இரவிலும் ஓடின. ஆனால் பஞ்சுத் தூசிக்கு நடுவே திறந்த சுடரை எரிப்பது எத்தகைய காரியம் என்று சொல்ல வேண்டியதில்லை. பகல் வெளிச்சத்தின் மவுசு குறையவில்லை. எஃகு விட்டங்களும் மின்விளக்கும் வந்த பிறகுதான் அகலம் கைமீறியது. 1900-க்குப் பின் லங்காஷயரில் எழுந்த நூற்பாலைகள் 40 மீட்டர் அகலத்தை நெருங்கின. வயதில் இளையவை, உறுதியானவை, ஆனாலும் வீடாக மாற்றுவதற்கு அவைதான் அதிகம் அடம்பிடிப்பவை. நடுப்பகுதியில் குளியலறை, சாமான் அறை, லிஃப்ட் என்று வெளிச்சம் கேட்காதவற்றை அடைக்கலாம், அப்படியும் மிஞ்சும். கடைசியில் கட்டடத்தின் நடுவைக் கூரைமுதல் தரைவரை வெட்டி எடுத்து முற்றம் அமைக்க வேண்டியிருக்கும்.

இதற்கு நேர்மாறான கூத்து ஒன்றும் நடந்திருக்கிறது. இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரி அருகே டிதரிங்டனில், சார்ல்ஸ் பேஜ் வடிவமைத்து 1797-இல் முடிந்த ஆளிநார் ஆலைதான் உலகின் முதல் இரும்புச் சட்டகக் கட்டடம். வானளாவிகளின் பாட்டி என்று அதைச் சொல்கிறார்கள். நார் நூற்பு நின்ற பிறகு 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அது பார்லியை முளைகட்டி மால்ட் ஆக்கும் கூடமானது. மால்ட்டுக்கு வெளிச்சம் வேண்டாம். ஆகவே ஜன்னல்களில் பெரும்பகுதியைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். மால்ட் வேலையும் 1987-இல் நின்றது. நீண்ட பழுதுபார்ப்புக்குப் பின் 2022-இல் மறுபடி திறந்தபோது அடைபட்டவற்றில் பலவற்றைத் திறக்க வேண்டியிருந்தது. கட்டடத்தின் பயன் மாறும்போதெல்லாம் முதலில் கைவைக்கப்படுவது ஜன்னல்.

பேஜ் இரும்புக்குப் போனதற்குக் காரணம் நெருப்பு. லண்டனின் ஆல்பியன் மாவு ஆலை 1791-இல் எரிந்து போனது அந்தத் தலைமுறைக்குப் பெரிய பாடம். இரும்புத் தூண், இரும்பு உத்தரம், உத்தரங்களுக்கிடையே செங்கல்லை வளைத்துக் கட்டிய தளம் என்ற முறை பரவியது. வார்ப்பிரும்பு அமுக்கத்தைத் தாங்குவதில் கெட்டி; இழுவிசையில் சோப்ளாங்கி. தூணாக நிற்கும்போது கவலையில்லை. உத்தரமாகப் படுக்கவைத்தால் அதன் அடிப்பக்கம் இழுபடும். வார்ப்பில் ஒரு காற்றுக்குமிழி இருந்தால்கூட அங்கிருந்து விரிசல் ஓடும், வளைந்து எச்சரிக்காமல் பட்டென்று முறியும். அதனால் வீடாக்கும் முன் உத்தரங்களை ஒவ்வொன்றாகச் சோதிக்கிறார்கள்.

அமெரிக்கர்கள் வேறு வழியில் போனார்கள். மாசசூசெட்ஸ் மாநிலத்து லோவெல் நகரில் 1830-களில் தொடங்கிய பூட் பஞ்சாலை வளாகத்தில் இன்று ஓர் அருங்காட்சியகமும் குடியிருப்புகளும் இருக்கின்றன. நியூ இங்கிலாந்து வட்டாரத்து ஆலைகளில் தீக்காப்பீட்டு நிறுவனங்கள் வற்புறுத்திப் பரப்பிய முறை, பருத்த மரம். மெல்லிய சட்டங்களை நெருக்கமாக அடுக்குவதற்குப் பதில், தடித்த உத்தரங்களை இடைவெளி விட்டுப் போட்டு மேலே கனத்த பலகை. அடுப்பில் சுள்ளி நொடியில் பற்றும், அடிமரக் கட்டை விடிய விடியக் கனன்றும் உள்ளே வெள்ளையாக இருக்கும் அல்லவா, அந்தச் சூத்திரம்தான். பருத்த மரத்தின் மேற்பரப்பு கரியாகி, அந்தக் கரியே உள்மரத்துக்குக் காப்பாகிறது. கரிதல் நிமிடத்துக்குச் சுமார் 0.65 மில்லிமீட்டர், அதாவது மணிக்கு 4 சென்டிமீட்டர் வேகத்தில்தான் நகரும். 30 சென்டிமீட்டர் உத்தரத்துக்கு ஒரு மணி நேரத் தீ பெரிய விஷயமல்ல. இன்றைய தீயணைப்பு விதிகளும் இந்தக் கணக்கை ஒப்புக்கொள்வதால் அந்த மரங்களை மூடி மறைக்காமல் வீட்டுக்குள் அப்படியே விடமுடிகிறது. வாங்குபவர்கள் காசு கொடுப்பதும் பாதி அந்த மரத்துக்காகத்தான்.

ஆக பஞ்சாலை, வீடாவதற்கு முக்கால் பங்கு தயாராக இருக்கும் கட்டடம். வியன்னாவின் உருளைகள் அப்படியல்ல.

கேசோமீட்டர் எப்படி இயங்கியது என்று தெரிந்துகொண்டால் அதன் வடிவம் புரியும். நம் கிராமங்களில் சாண எரிவாயுக் கலம் பார்த்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம். சாணிக் கரைசலின் மேல் இரும்பு டிரம் கவிழ்ந்து மிதக்கும். வாயு சேரச் சேர டிரம் எழும்பும், அடுப்பு எரிய எரியத் தாழும், டிரம்மின் எடையே வாயுவைக் குழாய்க்குள் தள்ளும். வியன்னாவிலும் அதே தத்துவம்தான். சாணிக் கரைசலுக்குப் பதில் தண்ணீர்த் தொட்டி, ஒன்றுக்குள் ஒன்று அடங்கி மேலெழும் இரும்பு வளையங்கள், ஒவ்வொரு கலத்துக்கும் 90,000 கன மீட்டர் கொள்ளளவு. வளையங்களின் சந்திப்பில் வாயு கசியாமல் அடைப்பதும் தண்ணீரே. வியன்னாவின் குளிரில் அந்தத் தண்ணீர் உறைந்தால் கலம் சிக்கிக்கொள்ளும். அதனால்தான் அதைச் சுற்றி ஒரு செங்கல் மேலங்கி, தலையில் ஒரு குவிமாடம். அரண்மனை போலத் தெரிந்த அந்தச் சுவர் வாயுவைத் தாங்கவே இல்லை. மழைக்கும் காற்றுக்கும் பனிக்கும் தடுப்பு மட்டும். அலங்காரமாகக் கட்டினார்கள் என்றால், 19-ஆம் நூற்றாண்டு தன் எந்திரங்களைப் பற்றிக் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொண்டது என்று அர்த்தம்.

1969 முதல் 1978 வரை வியன்னா படிப்படியாக இயற்கை எரிவாயுவுக்கு மாறியது. அதை உயர் அழுத்தத்தில் வைக்கலாம், இவ்வளவு பெரிய கூடு தேவையில்லை. உள்ளிருந்த இரும்பு போன பிறகு வெற்றுச் சுவர்தான் மிச்சம். அங்கே ஜேம்ஸ் பாண்ட் படத்துக்குக் காட்சி எடுத்தார்கள். பிறகு இளைஞர்கள் விடிய விடிய ஆடினார்கள். (பெரம்பூர் பின்னி மில்லில் எத்தனை கதாநாயகர்கள் எத்தனை வில்லன்களைப் புரட்டி எடுத்தார்கள் என்று நமக்கும் தெரியும். கைவிடப்பட்ட ஆலைக்கு உலகம் முழுக்க முதல் வாடகைதாரர் சினிமாக்காரர்தான்.) பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னம் என்பதால் இடிக்கவும் முடியாது.

இந்த இடத்தில் ஒரு சின்னக் கணக்கு. 60 மீட்டர் விட்டமுள்ள வட்டத்தின் பரப்பு 2,800 சதுர மீட்டருக்குச் சற்று மேல். சுவர் முழுக்க ஜன்னல் வைத்ததாகவே கொள்வோம். எட்டு மீட்டர்வரை வெளிச்சம் புகுந்தால், வெளிச்சம் படும் வளையத்தின் பரப்பு சுமார் 1,300 சதுர மீட்டர். பாதிக்கு மேல் இருட்டு. இப்போது நடுவில் 28 மீட்டர் விட்டத்துக்கு ஒரு முற்றத்தைத் திறந்துவிடுங்கள். எஞ்சுவது 16 மீட்டர் தடித்த வளையம். வெளியிலிருந்து எட்டு, உள்ளிருந்து எட்டு. பரப்பு 2,200 சதுர மீட்டர். முற்றத்துக்காக 600 சதுர மீட்டரை விட்டுக்கொடுத்ததில் குடியிருக்கத் தகுந்த இடம் 900 கூடியிருக்கிறது. காகிதத்தில் மட்டும், அதுவும் மேல் மாடிகளில் மட்டும். ஏனென்றால் அவ்வளவு ஆழமான முற்றத்தின் அடியில் நின்று அண்ணாந்தால் தெரிவது ஒரு தட்டளவு வானம்தான். தெரியும் வானத்தின் அளவுக்குத்தான் வெளிச்சம்.

மாநகரம் நான்கு கலங்களையும் நான்கு பேரிடம் கொடுத்தது. 1999-இல் தொடங்கிய வேலை 2001-இல் முடிந்தது. ஒரே கேள்விக்கு நான்கு விடைத்தாள்களை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும் வாய்ப்பு கட்டடக் கலையில் அபூர்வம். முதல் கலத்தில் பிரெஞ்சுக்காரர் ழான் நூவெல், சுவரையொட்டி வீடுகளை வளையமாக அடுக்கி, வளையத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து இடைவெளி விட்டார். முற்றத்தைப் பார்க்கும் முகங்களுக்கு ஒளியைத் திருப்பி எறியும் உலோகப் போர்வை, மேலே கண்ணாடிக் கூரை. மூன்றாவதில் மான்ஃப்ரெட் வேடோர்ன் படிப்படியான மாடிகளும் பச்சையுமாக ஒரு முற்றம் அமைத்தார். நான்காவதில் வில்ஹெல்ம் ஹோல்ஸ்பவர் முற்றத்தை நடுவில் வைக்கவே இல்லை. நடுவிலிருந்து மூன்று கைகளாக விரியும் நட்சத்திரத்தைக் கட்டி, கைகளுக்கும் பழைய சுவருக்கும் இடையில் மூன்று தோட்டங்களை விட்டார். அதாவது வீட்டின் ஜன்னலைத் திறந்தால் தோட்டம், அதற்கப்பால் பழைய செங்கல் சுவர். இரண்டாவதை எடுத்துக்கொண்ட கோப் ஹிம்மெல்பிளாவ் குழுவினர் உள்ளே வீடுகளும் அடியில் இசை அரங்கும் வைத்ததோடு நில்லாமல், கலத்துக்கு வெளியே, ஒடிந்து சாய்ந்த கேடயம் போன்ற புதுக் கட்டடம் ஒன்றையும் ஒட்டவைத்தார்கள். பலருக்கு அது கண்ணை உறுத்துகிறது. எனக்கு அதில் ஒரு நேர்மை தெரிகிறது: வெளிச்சம் வேண்டுமென்றால் வெளியே வா என்கிறது அது.

நான்கிலும் பொதுவான ஒன்று, அடுக்கிய வரிசை. கடைகள் அடியில், அலுவலகங்கள் நடுவில், வீடுகள் உச்சியில். வெளிச்சம் கேட்காதவற்றுக்கு இருட்டைக் கொடுத்து, வீட்டை வானத்துக்குப் பக்கத்தில் வைத்தார்கள். கடைத்தெரு எதிர்பார்த்தபடி ஓடவில்லை. வீடுகளுக்கு அந்தக் குறை இல்லை.

லண்டன் கிங்ஸ் கிராஸில் வியன்னாக் கதையின் மறுபாதியைப் பார்க்கலாம். அங்கே வாயுக் கலங்களுக்குச் செங்கல் மேலங்கி கிடையாது. ஏறி இறங்கும் டிரம்மைப் பிடித்து நிறுத்த வார்ப்பிரும்புத் தூண்களும் விட்டங்களும் கொண்ட வட்டச் சட்டகம் மட்டும். 1860-களைச் சேர்ந்த, ஒன்றோடொன்று பின்னிய மூன்று சட்டகங்களை ரயில் பாதைக்காக 2001-இல் கழற்றி, யார்க்‌ஷயருக்குக் கொண்டுபோய்ச் சீராக்கி, திரும்பக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அவற்றுக்குள் வில்கின்சன் ஏர் நிறுவனம் வடிவமைத்த 145 வீடுகள் 2018-இல் தயாராயின. பழைய இரும்பு புதிய வீட்டைச் சுற்றி நிற்கிறதே தவிர அதைச் சுமக்கவில்லை.

எனவே 'பழைய கட்டடத்தை மாற்றினோம்' என்று சொல்லும்போது எதை மிச்சம் வைத்தார்கள் என்று கேட்க வேண்டும். ஆன்கோட்ஸில் எலும்பும் தோலும் மிச்சம். வியன்னாவில் தோல், கிங்ஸ் கிராஸில் எலும்பு. சுற்றுச்சூழல் கணக்கில் இது பெரிய வித்தியாசம். ஒரு டன் சிமென்ட் செய்யும்போது அரை டன்னுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். எஃகுக்கு அதைவிட அதிகம். ஒரு கட்டடத்தில் இவை குவிவது அடித்தளத்திலும் தூணிலும் தளத்திலும்தான். அவற்றை அப்படியே பயன்படுத்தும் பஞ்சாலை உண்மையிலேயே மிச்சப்படுத்துகிறது. வியன்னாவில் சுவருக்குள் முழுப் புதுக் கட்டடமே எழுந்தது. அதைச் சூழலைக் காத்த செயல் என்று விளம்பரப்படுத்தினால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நினைவுச் சின்னத்தைக் காத்த செயல் என்றால் மறுபேச்சில்லை.

எலும்பும் தோலும் மிஞ்சிய கட்டடத்துக்கும் ஒரு தலைவலி உண்டு. அது ஓதம்.

ஆலைச் சுவர் தடித்த செங்கல். தடிமனைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. குளிர்நாட்டில் இன்று கட்டும் வெப்பக்காப்புச் சுவரோடு ஒப்பிட்டால் அது பல மடங்கு வெப்பத்தை வெளியே விட்டுவிடும். ஆலையாக இருந்தபோது கவலையில்லை; எந்திரங்களே சூடேற்றின. வீடானால் வெப்பக்காப்பு வேண்டும். வெளிப்பக்கம் ஒட்டினால் எல்லோரும் ரசிக்கும் செங்கல் மறைந்துபோகும். பாரம்பரியச் சட்டமும் விடாது. உள்பக்கம் ஒட்ட வேண்டியதுதான். வில்லங்கம் அங்கே தொடங்குகிறது.

20 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று 17 கிராம்வரை நீராவியைத் தாங்கும். பூஜ்ஜியத்தில் 5 கிராம்கூடத் தாங்காது. சமைத்து, குளித்து, துணி உலர்த்தி, மூச்சுவிடும் ஒரு நான்கு பேர் குடும்பம் நாளொன்றுக்குப் பத்து லிட்டர் அளவுக்கு நீராவியைக் காற்றில் சேர்க்கும். முன்பு அறையின் சூடு சுவருக்குள் ஏறி அதை உலர்த்திக்கொண்டிருந்தது. உள்பக்கம் காப்பு ஒட்டியதும் சூடு அறையோடு நின்றுவிட, காப்புக்குப் பின்னாலுள்ள செங்கல் முன்னைவிடக் குளிர்ந்துபோகிறது. ஏதாவது இடுக்கு வழியாக ஈரக்காற்று அங்கே போய்ச் சேர்ந்தால் தாங்க முடியாத நீரை அங்கேயே இறக்கிவைக்கும். யார் கண்ணுக்கும் தெரியாத இடத்தில் பூஞ்சை பிடிக்கும். மழையில் நனைந்த வெளிச்செங்கல் உலராமல் உறையும். உறையும் நீர் 9 சதவீதம் விரிந்து செங்கல்லின் முகத்தைச் செதில் செதிலாகப் பெயர்க்கும்.

இதில் மிக மோசமாக மாட்டுவது மர உத்தரத்தின் முனை. உத்தரம் சுவருக்குள் ஒரு சாண் புதைந்து உட்கார்ந்திருக்கும். நூறு, நூற்றைம்பது வருஷம் உலர்ந்து கிடந்த அந்த முனை, குளிர்ந்த ஈரச் சுவருக்குள் சிக்கி ஊறத் தொடங்கும். உத்தரத்தின் நடுப்பகுதி இரும்பு மாதிரி இருக்கும், பளபளவென்று மெருகு போட்டிருப்பார்கள், முனை உள்ளுக்குள் மக்கிக்கொண்டிருக்கும். வீட்டுக்காரருக்குத் தெரிய வரும்போது தளம் தொய்ந்திருக்கும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் முனைகளைச் சுற்றிக் காப்பை மெலிதாக்கிக் கொஞ்சம் சூட்டைக் கசியவிடுகிறார்கள். அல்லது ஈரத்தை உறிஞ்சித் திரும்ப அறைக்குள்ளேயே விடும் கால்சியம் சிலிகேட் பலகைகளை ஒட்டுகிறார்கள். செங்கல் சந்துகளுக்குச் சிமென்ட் கூடாது, சுண்ணாம்புக் காரைதான். சிமென்ட் இறுகி நீரை உள்ளே அடைத்துவிடும். சுண்ணாம்பு சுவரை மூச்சுவிட வைக்கும். நம் ஊர்ப் பழைய கொத்தனார்களுக்கு இதைச் சொன்னால், 'இதுக்கு ஒரு ஆராய்ச்சியா?' என்பார்கள்.

சத்தம் இன்னொரு பாடு. செங்கல் வளைவுத் தளம் கனமானது, பேச்சுச் சத்தத்தை நன்றாகவே தடுக்கும். மேல் வீட்டுக் குழந்தை குதிப்பதைத் தடுக்காது. தளத்தின்மேல் ரப்பர் போன்ற மெத்தை, அதன்மேல் மிதக்கும் இன்னொரு தரை. ஆலையின் உயரமான கூரையில் அதற்கு இடம் இருப்பது நல்ல காலம்.

சுவரை விட மண் பொல்லாதது. நிலக்கரியைக் காற்றுப் புகாமல் சுட்டு வாயு எடுத்த இடங்களில் இது பெரிய தலைவலி. அந்த வாயுவில் தார், அம்மோனியா, ஹைட்ரஜன் சல்பைடு, கொஞ்சம் ஹைட்ரஜன் சயனைடு எல்லாம் கலந்து வரும். இரும்பு ஆக்சைடுப் படுகையில் செலுத்திச் சுத்தம் செய்வார்கள். கந்தகமும் சயனைடும் இரும்போடு சேர்ந்து தங்கும். சயனைடு சேர்ந்த இரும்பு, ஓவியர்கள் பயன்படுத்தும் பிரஷ்யன் நீலமாக மாறும். தீர்ந்துபோன படுகையை வேலை செய்த இடத்திலேயே கொட்டி மூடுவது அக்கால வழக்கம். இன்று பழைய எரிவாயு ஆலை நிலத்தைத் தோண்டும் பொக்லைன் வாளியில் பளிச்சென்று நீல மண் வந்தால், ஓட்டுநர் வண்டியை நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால் அந்த நீலம் அமிலம் கலந்த மண்ணில் கரையாமல் சாதுவாக இருக்கும். காரத்தன்மை ஏறினால் சிதைந்து சயனைடு நிலத்தடி நீருக்குக் கிளம்பும். கான்கிரீட் இடிபாடு காரம். இடித்த கான்கிரீட்டை நொறுக்கி அதே மனையில் பள்ளம் தூர்க்கும் சிக்கன புத்தி, இத்தகைய இடத்தில் விஷத்தை அவிழ்த்துவிடும். தோண்டி அகற்றுவது, சுத்தமான மண்ணைப் போட்டு மூடுவது, பென்சீன் போன்ற ஆவிகள் வீட்டுக்குள் ஏறாதபடி தரைக்கடியில் தடுப்புத்தாள் விரிப்பது என்று செலவின் கணிசமான பகுதி மண்ணுக்குள்ளேயே போய்விடும். விற்பனைக் கையேட்டில் இதன் படம் வராது.

கான்கிரீட்டும் சாகாவரம் பெற்றதல்ல என்பதற்கு லண்டனின் பேட்டர்சீ மின்நிலையம் சாட்சி. 1930-களில் மின்சாரம் தரத் தொடங்கி 1983-இல் நின்ற அதன் அடையாளமே நான்கு வெள்ளைப் புகைபோக்கிகள்; உச்சி தரையிலிருந்து 100 மீட்டருக்கு மேல். நம் பழைய மாடி வீடுகளில் சிலாப் பெயர்ந்து துருக்கம்பி பல்லிளிக்குமே, அதே நோய் அவற்றுக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். உள்ளிருந்தே கான்கிரீட்டைப் பிளக்கும். நான்கையும் இறக்கிவிட்டு அதே உருவத்தில் புதிதாகக் கட்டினார்கள். இப்போது அங்கே 250-க்கும் மேற்பட்ட வீடுகளும் கடைகளும் அலுவலகங்களும் உண்டு, 2022-இல் திறப்பு. 2012-இல் அந்த இடத்தை வாங்கிய மலேசியக் கூட்டணியில் சைம் டார்பியும் ஒன்று. மலேசியத் தமிழர்களுக்கு அது தாத்தா, பாட்டி வேலை பார்த்த எஸ்டேட்டின் பெயராகத்தான் முதலில் நினைவுக்கு வரும்.

நம் ஊர் ஆலைகளை ஏன் இப்படி வீடாக்குவதில்லை? சென்னைப் பெரம்பூரின் பின்னி ஆலை 1996-இல் மூடப்பட்டு, பின்னர் இடிக்கப்பட்டது. அந்த நிலத்தில் புதிய அடுக்குமாடிகள் வந்தன. மும்பையின் கிரண்காவ் பகுதியில் 1982 வேலைநிறுத்தத்துக்குப் பின் ஓய்ந்த ஆலைகளின் இடத்தில் கோபுரங்கள் நிற்கின்றன. ஃபீனிக்ஸ் மில் வணிக வளாகத்தில் புகைபோக்கி தப்பியது. பழமையை மதிக்கத் தெரியாதவர்கள் நாம் என்று சலித்துக்கொள்வது சுலபம். கட்டடத்தின் வடிவத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். நம் ஆலைகளில் பலவும், மான்செஸ்டர் போல மாடிமேல் மாடியாக எழுந்தவை அல்ல. ரம்பப் பல் மாதிரி வரிசை வரிசையாகக் கூரை போட்ட ஒற்றைத் தளக் கொட்டகைகள். வெளிச்சம் பக்கவாட்டில் வராது, கூரையின் வடக்குமுகக் கண்ணாடி வழியே வரும். ஐரோப்பாவில் வடக்கு வெளிச்சம் என்றால் வெயில் படாத குளிர்ந்த வெளிச்சம். 11 டிகிரி அட்சரேகையில் இருக்கும் கோவையில் ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் நான்காம் வாரம்வரை நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கும். சரியாக அந்த மாதங்களில் வெயில் உள்ளேயே இறங்கும்.

அப்படியும் வழி இல்லாமல் இல்லை. கூரை வரிசையில் இரண்டு விட்டு ஒன்றைப் பிரித்தெடுத்தால் நீளவாக்கில் முற்றங்கள் கிடைக்கும். எட்டு மீட்டர் கணக்கு சரியாகிவிடும். செட்டிநாட்டு வீட்டில் வாழ்ந்த மக்களுக்கு முற்றத்தைச் சுற்றி வாழ்வது புதிதல்ல. பனி உறையாத ஊரில் ஓதத் தொல்லையும் பாதிதான். தடுப்பது இன்னொரு கணக்கு. ஒரு ஏக்கர் கொட்டகையில் மூன்றில் ஒரு பங்கை முற்றத்துக்கு விட்டால் சுமார் 29,000 சதுர அடி வீடு மிஞ்சும். இடித்துவிட்டு, தமிழ்நாட்டில் வழக்கமான தளப்பரப்பு விகிதமான 2-இன்படி கட்டினால் 87,000 சதுர அடி. விற்கிறவர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்பதில் ரகசியம் இல்லை. ஆன்கோட்ஸ் ஆலைகள் தப்பியதில் பாதி, பாரம்பரியச் சட்டத்தின் கைங்கரியம். மீதிப் பாதி, அவை ஏற்கெனவே ஏழெட்டு மாடி நின்றதால், இடித்தாலும் அதைவிடப் பெரிதாக எதையும் கட்டிவிட முடியாது என்பது.